கப்பல் பயணத்தில் சாப்பாடும் வசதிகளும்: ஏறும் முன்பிருந்து இறங்கும் காலை வரை

முதல் முறை கடல் பயணம் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியவை. என்ன கிடைக்கும், எத்தனை மணிக்குக் கிடைக்கும், எதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள், கப்பல் ஆடினால் சாப்பிட முடியுமா? எல்லாமே நியாயமான கேள்விகள். நடுக்கடலில் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் தெருமுனையில் வேறு கடை பார்த்துக்கொள்ள முடியாது. என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஏறினால்தான் நிம்மதி.

சில பயணங்கள் போய் வந்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. கப்பலில் இருக்கும் மிக நல்ல விஷயங்களில் பெரும்பகுதிக்கு நாம் டிக்கெட்டிலேயே காசு கொடுத்துவிடுகிறோம். அவை எங்கே, எப்போது கிடைக்கும் என்று தெரியாததால்தான் ஏறிய முதல் மணி நேரத்திலேயே பலர் பானத்துக்கு, இணையத்துக்கு என்று பேக்கேஜ் மேல் பேக்கேஜாக வாங்கிவிடுகிறார்கள். அப்படி வாங்காமலேயே நிறைவாகச் சாப்பிட்டு, ஓய்வெடுத்து, ஊர் திரும்பலாம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: டிக்கெட்டுக்குள் எது, வெளியே எது

விளம்பரத்தில் 'எல்லாம் சேர்த்து' என்று போட்டிருக்கும். அந்த 'எல்லாம்' நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரிய கப்பல்களில் பொதுவாக டிக்கெட்டிலேயே அடங்குபவை: கேபின், மெயின் டைனிங் ரூம் என்கிற பெரிய உணவுக்கூடம், பஃபே, குளத்தருகே இருக்கும் பர்கர், பீட்சா, ஐஸ்கிரீம் கடைகள், தண்ணீர், சாதாரண காபி, டீ, தியேட்டர் நிகழ்ச்சிகள், நீச்சல் குளங்கள், ஜிம், குழந்தைகள் கிளப். தனியாகக் காசு கேட்பவை: மது, பாட்டில் பானங்கள், எஸ்பிரெசோ வகைக் காபிகள், ஸ்பெஷாலிட்டி உணவகங்கள், ஸ்பா, இணையம், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் டூர்கள், கப்பல் மருத்துவர். இவை போக, ஒவ்வொருவர் பெயரிலும் தினமும் ஏறும் டிப்ஸ்.

விதிவிலக்குகளும் உண்டு. வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் மதிய, இரவு உணவோடு வைனும் பீரும் டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடும். அங்கே 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை, கேசினோவும் கிடையாது. விர்ஜின் வாயேஜஸ் கப்பல்களும் பெரியவர்களுக்கு மட்டும். அவற்றில் பஃபேயும் இல்லை, பெரிய டைனிங் ரூமும் இல்லை. அதற்குப் பதில் தனித்தனிச் சிறு உணவகங்கள், டிக்கெட்டிலேயே. டிஸ்னி கப்பல்களில் சாப்பாட்டு மேஜையிலும் டெக் என்கிற கப்பல் தளத்திலும் குளிர்பானம் இலவசம்.

அதனால் இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போது டிக்கெட் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு தாளை எடுத்து டிக்கெட், டிப்ஸ், பானம், இணையம் என்று நான்கு வரி எழுதிக் கூட்டுங்கள். மலிவாகத் தெரிந்த கப்பல் பல நேரங்களில் இந்தக் கூட்டலில் மேலே போய்விடும்.

கப்பலின் அளவும் முக்கியம். 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் முழுதாக நிரம்பினால் சுமார் 7,600 பயணிகள் இருப்பார்கள். அதில் 7 நீச்சல் குளங்கள், 6 நீர்ச்சறுக்குகள், எண்ணி முடிக்கச் சிரமப்படும் அளவுக்கு உணவகங்கள். இன்னொரு பக்கம், சில நூறு பேர் மட்டும் போகும் சிறிய கப்பல்களில் ஒன்றிரண்டு உணவகங்கள்தான் இருக்கும். ஆனால் மூன்றாம் நாளே வெயிட்டருக்கு உங்கள் பெயரும் காபியில் எத்தனை சர்க்கரை என்பதும் தெரிந்துவிடும். குழந்தைகளோடு போனால் பெரியது, அமைதி வேண்டுமென்றால் சிறியது என்பது என் அனுபவம்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுப்பது

டிக்கெட் பதிவு செய்யும்போதே இதைக் கேட்பார்கள். யோசிக்காமல் ஏதோ ஒன்றைத் தட்டிவிடாதீர்கள், பயணத்தின் எல்லா மாலைகளும் இதைச் சுற்றித்தான் அமையும்.

பழைய முறையில் இரண்டு பந்திகள். முதல் பந்தி மாலை 5.30 அல்லது 6 மணி, இரண்டாவது 8 அல்லது 8.30. தினமும் அதே மேஜை, அதே வெயிட்டர், பெரும்பாலும் அதே கூட்டாளிகள். இன்னொன்று நினைத்த நேரத்தில் போய் உட்காரும் முறை. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000-ஆம் ஆண்டில் இந்த நெகிழ்வான முறையைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. இன்று பெரிய நிறுவனங்கள் பலவும் ஏதோ ஒரு பெயரில் இதைத் தருகின்றன. டிஸ்னியில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஒவ்வொரு இரவும் வேறு உணவகத்துக்குப் போவீர்கள், உங்கள் வெயிட்டர்களும் கூடவே வருவார்கள்.

சிறு குழந்தைகள், முதியவர்கள், சீக்கிரம் தூங்குகிறவர்கள் இருந்தால் முதல் பந்தி. ஆனால் பயணத்தில் துறைமுகங்கள் நிறைய இருந்தால் முதல் பந்தி கஷ்டம். ஐந்து மணிக்குக் களைத்துத் திரும்பி, குளித்து, உடை மாற்றி ஆறு மணிக்கு மேஜையில் உட்கார முடியாது. அப்படிப்பட்ட பயணத்துக்கு இரண்டாவது பந்தியோ நெகிழ்வான நேரமோ நல்லது. நெகிழ்வான முறையில் 7 மணி முதல் 8 மணி வரை வரிசை நீளும். ஆறேகாலுக்கோ எட்டரைக்கோ போனால் காத்திருக்கவே வேண்டாம்.

மேஜையில் யாரோடு உட்காருவது என்பதையும் சொல்லலாம். இரண்டு பேர் மேஜை சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே கேட்டு வையுங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் பெரிய மேஜையைத்தான் சொல்வேன். ஒரு வாரம் முழுக்கப் பேச ஆள் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் செய்ய வேண்டியது

சைவம், வீகன் (பால், முட்டைகூடச் சேராதது), ஹலால், கோஷர் (யூத மத விதிப்படியானது), கோதுமையில் உள்ள குளூட்டன் இல்லாதது, உப்பு குறைத்தது, நிலக்கடலை ஒவ்வாமை என எது இருந்தாலும் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லுங்கள். கப்பல் புறப்படும் துறைமுகத்தில் சரக்கை ஏற்றியதோடு சரி, பெரும்பாலும் அந்தக் கையிருப்பை வைத்துத்தான் பயணம் ஓடும். குறிப்பாக கோஷர் உணவும் தீவிர ஒவ்வாமைக்கான உணவும் பல வாரம் முன்னதாகச் சொன்னால்தான் ஏற்பாடாகும்.

சொன்னால் போதாது, ஏறிய முதல் நாள் மாலை டைனிங் ரூமில் தலைமை வெயிட்டரைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தது அவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கப்பல்களில் ஒரு அழகான வழக்கம் இருக்கிறது: இரவுச் சாப்பாடு முடியும்போது மறுநாள் மெனுவை உங்களிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நீங்கள் தேர்ந்தெடுப்பதை உங்களுக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி தனியாகச் செய்து வைப்பார்கள். என் உறவினர் ஒருவருக்குக் கடல் உணவு சுத்தமாக ஆகாது. முதல் இரவு பஃபேயில் பயந்து பயந்து வெறும் ரொட்டியும் பழமும் சாப்பிட்டார். மறுநாள் தலைமை வெயிட்டரிடம் பேசிய பிறகு மீதி ஆறு இரவும் மூன்று வகைச் சாப்பாடு மேஜைக்கே வந்தது. அந்த ஒரு பேச்சை முதல் நாளே பேசியிருக்கலாம்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு பஃபேயைவிட டைனிங் ரூமே பாதுகாப்பு. பஃபேயில் ஒரு பாத்திரத்துக் கரண்டியை இன்னொருவர் அடுத்த பாத்திரத்தில் போட்டிருப்பார், யாருக்கும் தெரியாது.

பானப் பேக்கேஜ்: கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்

இதில்தான் அதிகம் பேர் காசை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மதுப் பேக்கேஜ் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று விற்கப்படும், ஆனால் பயணத்தின் எல்லா நாளுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். காலையில் இறங்கி மாலை வரை ஊர் சுற்றும் நாளுக்கும் கட்டணம் உண்டு. அதன் மேல் சர்வீஸ் கட்டணமாக 18 முதல் 20 சதவீதம் ஏறும். பல நிறுவனங்களில் ஒரு கேபினில் ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால் அதே கேபினில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும். 'அளவில்லாமல்' என்று சொன்னாலும் சில இடங்களில் எல்லை இருக்கும். கார்னிவல் நிறுவனத்தின் பேக்கேஜில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானங்கள்தான்.

கணக்கு எளிது. பேக்கேஜின் ஒரு நாள் விலையோடு சர்வீஸ் கட்டணத்தைக் கூட்டி, அதை ஒரு கோப்பையின் விலையால் வகுங்கள். வரும் எண்ணிக்கையைத் தினமும், துறைமுக நாளிலும், குடிப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். இல்லை என்றால் வேண்டாம், தனித்தனியாக வாங்குவதே லாபம். மது தொடாதவர்களுக்குக் குளிர்பானம் மட்டும், அல்லது காபி, ஜூஸ், பாட்டில் தண்ணீர் சேர்த்த சின்னப் பேக்கேஜ் இருக்கும். அதையும் இதே கணக்கில் பாருங்கள். தேவை என்று முடிவானால் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் வாங்குங்கள், கப்பலுக்குள் விலை பெரும்பாலும் கூடுதல்.

தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கப்பலில் கடல் நீரை ஆவியாக்கியும் சவ்வு வழியே வடிகட்டியும் நன்னீர் எடுக்கிறார்கள், கூடவே துறைமுகத்திலும் நிரப்பிக்கொள்கிறார்கள். சோதித்த பிறகுதான் குழாயில் விடுகிறார்கள். ஒரு காலி பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய் பஃபே பக்கத்துக் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏறும் நாள்

பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டால் அது மாலைக்குள்தான் கேபின் வாசலுக்கு வரும். கேபினும் பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்கு மேல்தான் திறக்கும். அதனால் மருந்து, பாஸ்போர்ட், நீச்சல் உடை, ஒரு மாற்றுத் துணி, போன் சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டு மாலை வரை தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏறியவுடன் எல்லோரும் மேல் டெக்கில் இருக்கும் பஃபேக்குத்தான் ஓடுவார்கள். சில கப்பல்களில் அதே நேரம் கீழே மெயின் டைனிங் ரூமில் மேஜைக்கே பரிமாறும் மதியச் சாப்பாடு நடக்கும், அங்கே கூட்டமே இருக்காது. வாசலில் நிற்கும் ஊழியரிடம் "டைனிங் ரூம் திறந்திருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாப்பிட்ட பிறகு கப்பலின் ஆப்பில் தியேட்டர் ஷோக்களுக்கு இடம் பிடியுங்கள். பெரிய கப்பல்களில் ஷோ இலவசம்தான், ஆனால் முன்பதிவு முதல் நாளே நிரம்பும். சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டும் என்றாலும் முதல் நாள் மதியமே போய்ப் பேசுங்கள்.

அப்புறம் பாதுகாப்பு ஒத்திகை. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு சர்வதேச விதி மாற்றப்பட்டது. கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ பயணிகளுக்கு ஒத்திகை நடந்தாக வேண்டும். ஒரு பத்து நிமிடம், பானத்தைக் கீழே வைத்துவிட்டு முழுக் கவனத்தோடு கேளுங்கள். ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடம் எது என்று நேரில் நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.

தினசரிச் சாப்பாடு: எங்கே, எப்போது

கப்பலில் கூட்டத்துக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் வரிசையில் நிற்கும் நேரம் பாதியாகக் குறையும். கடல் நாட்களில், அதாவது துறைமுகமே இல்லாத நாட்களில், காலை 9 முதல் 10 வரை பஃபே நிரம்பி வழியும். துறைமுக நாட்களில் அதே கூட்டம் 7 மணிக்கே வந்துவிடும். துறைமுக நாள் மதியம் பஃபே காலியாகக் கிடக்கும், மாலை 4 மணிக்கு மேல் திரும்பி வந்தவர்களால் பீட்சா கடை நிரம்பும்.

மெயின் டைனிங் ரூமுக்குத்தான் என் வாக்கு, காலையிலும்கூட. உட்கார்ந்த இடத்துக்குச் சூடாக வரும். முட்டையை உங்கள் சொல்படி செய்து தருவார்கள். தட்டை ஏந்திக்கொண்டு மேஜை தேட வேண்டாம். நேரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஆகும். டூர் பஸ்ஸைப் பிடிக்கும் நாளில் பஃபே, மற்ற நாட்களில் டைனிங் ரூம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு மெனுவில் தொடக்க உணவு, முக்கிய உணவு, இனிப்பு என்று மூன்று பகுதி இருக்கும். ஒன்றுதான் கேட்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. இரண்டு சூப் கேட்கலாம், முக்கிய உணவே வேண்டாம் என்று தொடக்க உணவு இரண்டைக் கேட்கலாம், பாதி அளவு போதும் என்று சொல்லலாம். வந்தது பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள், வெயிட்டர் மனம் கோணாமல் செய்வார். சில நிறுவனங்கள் மட்டும் மூன்றாவது முக்கிய உணவுக்கோ உயர்ரக ஸ்டேக், லாப்ஸ்டருக்கோ தனிக் கட்டணம் போடுகின்றன. அப்படி இருந்தால் மெனுவிலேயே விலை இருக்கும்.

மசாலாவும் காரமும் பழகிய நாக்குக்குக் கப்பல் சாப்பாடு மூன்றாம் நாள் மங்கலாகத் தெரியலாம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும்படி சமைப்பதால் காரம் குறைவாகத்தான் இருக்கும். காரமான சாஸோ நறுக்கிய மிளகாயோ கேளுங்கள், கேட்டால் வரும். வீட்டிலிருந்து சமைத்த உணவைக் கொண்டுபோக அனுமதி இல்லை. கடையில் வாங்கிப் பிரிக்காத பாக்கெட் தின்பண்டங்களைப் பொதுவாக விடுவார்கள்.

பஃபேயில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டை எடுக்கும் முன் ஒரு சுற்று சும்மா நடந்து எல்லாக் கவுண்டர்களையும் பாருங்கள். வாசலருகே இருக்கும் முதல் கவுண்டரில்தான் நீள வரிசை. அதே பண்டம் எதிர்ப்பக்கத்திலும் இருக்கும், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

உடை விஷயம்: பஃபேக்கு எதுவும் சரி, ஈர உடையும் வெறுங்காலும் மட்டும் கூடாது. டைனிங் ரூமுக்கு முழுக்கால் சட்டையும் நல்ல சட்டையும், அல்லது நீங்கள் விரும்பும் மரியாதையான உடை. ஏழு இரவுப் பயணத்தில் பொதுவாக எல்லோரும் ஆடம்பரமாக உடுத்தி வரும் ஃபார்மல் இரவுகள் ஒன்றோ இரண்டோ இருக்கும். குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 மாதிரியான கப்பல்களில் அந்த இரவுகளைத் தீவிரமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான மற்ற கப்பல்களில் கெடுபிடி குறைந்துவிட்டது. ஆடம்பரமாக உடுத்தப் பிடிக்காதவர்கள் அன்று பஃபேயில் சாப்பிடலாம். நான் அந்த இரவுகளைத் தவற விடுவதில்லை. குடும்பமாக எல்லோரும் நன்றாக உடுத்தி ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது வீட்டில் எத்தனை முறை நடக்கிறது?

ஸ்பெஷாலிட்டி உணவகங்கள்

ஸ்டேக், இத்தாலியன், ஜப்பானிய சமையல் போன்ற சிறு உணவகங்கள் இவை. ஒருவருக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணமோ, பண்டத்துக்குப் பண்டம் விலையோ இருக்கும். சமையல் நேர்த்தியாகவும் இடம் அமைதியாகவும் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஒரு வாரப் பயணத்தில் ஒரு முறை, பிறந்தநாளுக்கோ திருமண நாளுக்கோ போகலாம். முதல் இரவு பலரும் இன்னும் வழி தெரியாமல் இருப்பதால் அன்று சலுகை கிடைக்க வாய்ப்பு அதிகம். கடல் நாட்களில் சில உணவகங்கள் மதியமும் திறக்கும், அப்போது கட்டணம் குறைவு. ஃபார்மல் இரவுகளில் மட்டும் முன்பதிவு செய்யாதீர்கள். டைனிங் ரூமின் மிக நல்ல மெனு அன்றுதான் வரும், அதற்கு ஏற்கனவே காசு கொடுத்திருக்கிறீர்கள்.

ரூம் சர்வீஸ் முன்பு பெரும்பாலும் இலவசமாக இருந்தது. இப்போது பல நிறுவனங்கள் டெலிவரிக் கட்டணம் வாங்குகின்றன, காபி, ரொட்டி, பழம் அடங்கிய எளிய காலை உணவு மட்டும் பல இடங்களில் இன்னும் இலவசம். பால்கனி கேபின் எடுத்திருந்தால் ஒரு காலையாவது அதை வரவழைத்து, கடலைப் பார்த்துக்கொண்டு காபி குடியுங்கள்.

கேபினும் அதற்குள் இருப்பவையும்

ஜன்னலில்லாத உள் கேபின், ஜன்னல் கேபின், பால்கனி, சூட் என்கிற பெரிய சொகுசு அறை என்று நான்கு வகை. சாப்பாடு பெரும்பாலும் நால்வருக்கும் ஒன்றே. ஆனால் குனார்ட் மாதிரி சில நிறுவனங்களில் கேபின் வகையைப் பொறுத்து உணவகமே மாறும், சூட் பயணிகளுக்குத் தனி உணவகம் வைத்திருக்கும் கப்பல்களும் இருக்கின்றன. தலை சுற்றல் வரும் என்று பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்குகளில் கேபின் எடுங்கள், ஆட்டம் அங்கே மிகக் குறைவு. இதே காரணத்தால் கடல் கொந்தளிக்கும் நாளில் உச்சியில் இருக்கும் பஃபேயைவிடக் கீழே இருக்கும் டைனிங் ரூமில் சாப்பிடுவது சுலபம்.

துண்டு, சோப்பு, ஷாம்பூ, தலை உலர்த்தி, லாக்கர் எல்லாம் இருக்கும். பிளக் பாயிண்ட்கள் குறைவு. அயர்ன் பாக்ஸ், மெழுகுவத்தி, சர்ஜ் பாதுகாப்புள்ள மின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றை உங்கள் பெட்டியிலிருந்து கப்பல் ஊழியர்கள் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கப்பலில் தீயைப் போல் பயப்பட வேண்டியது வேறில்லை. துணி துவைக்கக் காசு போடும் இயந்திரம் எல்லாக் கப்பல்களிலும் கிடையாது, நீண்ட பயணமென்றால் முன்பே விசாரியுங்கள். சக்கர நாற்காலி நுழையும் கேபின்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, தேவைப்படுகிறவர்கள் மாதக்கணக்கில் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

குளம், ஸ்பா, ஷோ, குழந்தைகள்

கடல் நாளில் காலை பத்து மணிக்கே குளத்துச் சாய்வு நாற்காலிகள் தீர்ந்துவிடும். துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு ஆள் காணாமல் போனால், அரை மணி நேரம் கழித்து ஊழியர்கள் துண்டை எடுத்துவிடலாம் என்பது பல கப்பல்களில் விதி. நீச்சல் அடிக்க ஆசை இருந்தால் எல்லோரும் கரையில் இருக்கும் துறைமுக நாளில் அடியுங்கள். குளமே உங்களுடையது மாதிரி இருக்கும். எல்லாக் கப்பல்களிலும் உயிர்காப்பாளர் இருப்பதில்லை, குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது பெற்றோர் கண்ணை எடுக்கக் கூடாது. கடல் கொந்தளித்தால் குளத்தை மூடிவிடுவார்கள் அல்லது தண்ணீரையே இறக்கிவிடுவார்கள்.

ஜிம் இலவசம், யோகா, சைக்கிள் வகுப்புகளுக்கு அநேகமாகக் கட்டணம். ஸ்பா விலை கூடுதல், ஆனால் துறைமுக நாட்களில் சலுகை போடுவார்கள்.

குழந்தைகள் கிளப் பெரும்பாலும் 3 வயதிலிருந்து, டயப்பர் தேவைப்படாத குழந்தைகளுக்கு. பகலில் இலவசம், இரவு பத்து மணிக்கு மேல் மணிக்கணக்கில் கட்டணம். முதல் நாளே பெயர் பதிவு செய்து, குழந்தைக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிவிடுங்கள். இரண்டாம் நாள் தானே போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுக்கும்.

கப்பலுக்குக் கப்பல் தனி வசதிகளும் உண்டு. குயின் மேரி 2-வில் பெரிய நூலகமும் கோளரங்கமும் இருக்கின்றன. அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணங்களில் நாய், பூனைகளைத் தங்கவைக்க இடமும் உண்டு. கேசினோவும் வரியில்லாக் கடைகளும் துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலும் மூடியிருக்கும், கரையை விட்டு வெகுதூரம் போன பிறகுதான் திறக்கும்.

எல்லா வசதிக்கும் மேலாக நான் மதிப்பது திறந்த டெக்கை. இரவு ஷோ முடிந்து எல்லோரும் உள்ளே போன பிறகு மேல் டெக்கில் பத்து நிமிடம் நில்லுங்கள். நிலாவும் அலைச் சத்தமும் மட்டும் இருக்கும். அதற்கு எந்தப் பேக்கேஜும் தேவையில்லை.

இணையமும் போனும்

கப்பல் கிளம்பியதும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கடலில் கப்பலின் சொந்த செல்போன் நெட்வொர்க்கோடு போன் தானாக இணைந்துகொண்டால், ஊர் திரும்பியதும் வரும் பில் பயமுறுத்தும். ஏரோபிளேன் மோடிலேயே வைஃபையை மட்டும் ஆன் செய்து கப்பலின் ஆப்பை இலவசமாகப் பயன்படுத்தலாம். இணையப் பேக்கேஜ் தனி. 2022-இல் ராயல் கரீபியன் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத்துக்கு மாறப்போவதாக அறிவித்தது, பிற நிறுவனங்களும் தொடர்ந்தன. இப்போது வீடியோ கால் பேசும் அளவுக்கு வேகம் கிடைக்கிறது. குடும்பத்துக்கு ஒரு கருவிக்கான பேக்கேஜ் ஒன்றை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

உடம்பு

நோரோவைரஸ் என்ற வயிற்றுக் கிருமி நெருக்கமாகப் பலர் வாழும் இடங்களில் வேகமாகப் பரவும், கப்பலும் அப்படி ஒரு இடம். கையில் தடவும் சானிடைசர் இந்தக் கிருமியைச் சரியாகக் கொல்லாது. சோப்புப் போட்டு 20 நொடி கழுவ வேண்டும். பஃபே வாசலில் கழுவுதொட்டி வைத்திருக்கும் காரணம் இதுதான். கழுவிவிட்டு உள்ளே போங்கள், பரிமாறும் கரண்டியைத் தொட்ட பிறகு அதே கையால் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடாதீர்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்துபோகும் கப்பல்களை அந்த நாட்டின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி முன்னறிவிப்பில்லாமல் சோதித்து 100-க்கு மதிப்பெண் போடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் வாங்கினால் தேறவில்லை என்று பொருள். முடிவுகள் இணையத்தில் இருக்கும், டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளலாம்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் மறைக்காமல் கப்பலின் மருத்துவப் பிரிவுக்குச் சொல்லுங்கள். அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் அதிகம், பயணக் காப்பீடு இல்லாமல் ஏறவே கூடாது. காப்பீடு கடலில் நடக்கும் சிகிச்சையையும் அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

கடல் மயக்கத்துக்கு மாத்திரை போடுவதென்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் போங்கள். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். உப்பு பிஸ்கட், பச்சை ஆப்பிள், இஞ்சி என்று கேட்டால் கப்பல் ஊழியர்களே கொண்டுவந்து தருவார்கள். வெளிக்காற்றில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள்.

டிப்ஸ், பில், கடைசிக் காலை

கப்பலுக்குள் எதையும் வாங்கப் பொதுவாகப் பணத்தாள் செல்லாது. கேபின் சாவியாகத் தரும் அட்டையே எல்லாவற்றுக்கும், வாங்கியதெல்லாம் உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். டெபிட் கார்டை இணைக்காதீர்கள், கிரெடிட் கார்டைக் கொடுங்கள். நிறுவனம் முன்கூட்டியே ஒரு தொகையை நிறுத்திவைக்கும், டெபிட் கார்டாக இருந்தால் உங்கள் சொந்தப் பணம் சில நாள் முடங்கிவிடும்.

தினசரி டிப்ஸ் ஒவ்வொருவருக்கும், குழந்தைகள் உட்பட, தானாக ஏறும். சில நிறுவனங்களில் மிகச் சிறு குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. கேபினைச் சுத்தம் செய்பவர், வெயிட்டர், உதவி வெயிட்டர், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே உழைப்பவர்கள் எல்லோருக்கும் அது பிரிகிறது. அலுவலகக் கவுண்டரில் சொன்னால் பல கப்பல்களில் அதை நீக்கிவிடுவார்கள். தயவுசெய்து நீக்காதீர்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து, வாரம் ஏழு நாளும் வேலை செய்கிறவர்கள் அவர்கள். நன்றாகக் கவனித்தவர் யாராவது இருந்தால் ஒரு உறையில் கூடுதலாகக் கொடுங்கள், பயண முடிவில் வரும் கருத்துப் படிவத்தில் அவர் பெயரையும் எழுதுங்கள். அந்தப் பெயர் அவருடைய அடுத்த ஒப்பந்தத்துக்கு உதவும்.

பில்லைக் கடைசி நாள் வரை காத்திருந்து பார்க்க வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒரு முறை ஆப்பில் பாருங்கள். ஒரு பயணத்தில் நாங்கள் குடிக்காத இரண்டு காபி எங்கள் கணக்கில் ஏறியிருந்தது. மூன்றாம் நாளே சொன்னதால் ஐந்து நிமிடத்தில் நீக்கினார்கள். கடைசி இரவு அதே கவுண்டரில் ஒரு மணி நேர வரிசை நின்றதையும் பார்த்தேன்.

கடைசி இரவு பெரிய பெட்டியைப் பத்து, பதினொரு மணிக்குள் கேபினுக்கு வெளியே வைக்க வேண்டும். மறுநாள் உடுத்தும் துணியை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள். காலை உணவு அன்று சீக்கிரம் முடியும், எட்டு மணி வாக்கில் கேபினைக் காலி செய்யச் சொல்வார்கள். பஃபே அன்று கைப்பைகளும் மனிதர்களுமாக நெரியும். டைனிங் ரூம் திறந்திருந்தால் ஆறரைக்கே போய்விடுங்கள். அங்கிருந்து ஆப்பிளோ வாழைப்பழமோ பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். பல நாடுகளில், குறிப்பாக ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும், ஒரு பழத்தோடு கரை இறங்கினால்கூட அபராதம் கட்ட வேண்டியிருக்கும். அதை மேஜையிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு, வெயிட்டரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள்.